சுவரைப் பார்த்த தொட்டில்

மூன்றாவது தடவையும் பூமி ஆடி அடங்கிய மறுநாள் காலையில், குருசடிப்பட்டினம் நகராட்சிச் சித்திரக்கூடத்துப் படங்களில் இருந்த ஆட்கள் எல்லோரும் அவரவர் சட்டத்தை விட்டு இறங்கி, கிழக்கு ஹாலில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு தொங்கிய 'அறுப்பு முடிந்த வயல்' என்ற படத்துக்குள் குடிபோயிருந்தார்கள். அதுவரைக்கும் அந்தப் படத்தில் ஆளே கிடையாது. அறுத்துவிட்ட மஞ்சள் வயல், தூரத்தில் இரண்டு பனை, மேலே வானம், அவ்வளவுதான். கூரை இல்லை, சுவர் இல்லை, தலையில் விழுவதற்கு ஒன்றுமே இல்லை. ஏன் போனார்கள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் ஊரே அப்போது கான்வென்ட் பள்ளிக்கூட மைதானத்தில்தான் கிடந்தது, வீடு இடிந்தவனும் வீடு நிற்கிறவனும் பக்கத்துப் பக்கத்துத் தார்ப்பாய்க்கு அடியில் படுத்து ஒரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பார்த்தவர் வாட்ச்மேன் அந்தோணிப்பிச்சை. பீடியை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்.

"தாயி, நம்ம ஆளுக எல்லாம் வயலுக்குப் போய்ட்டாவ. ஜமீந்தாரு வெறுந்தரையில உக்காந்திருக்காரு. வந்து பாரு."

தாயி என்று அவர் கூப்பிட்டது விண்ணரசியை. வயது இருபத்தி நாலு. கூடத்தில் படங்களைத் துடைப்பதும், கோணினால் நேராக்குவதும், படங்களுக்குக் கீழே பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டுவதும் அவள் வேலை. சிஸ்டர்மார் பிரம்பை வைத்துப் பழக்கிய கையெழுத்து, கோடு போடாத தாளிலும் நேராகப் போகும். வீட்டில் கூப்பிடுவது அரசி. அவள் புருஷன் மனுவேல் சரக்குக் கப்பலில் இருந்தான், வாரத்துக்கு ஒரு தடவை போனில் வந்து, "தண்ணி மேல இருக்கிறவனுக்கு ஆட்டம் தெரியாது பாத்துக்கோ" என்று சிரிக்கப் பார்ப்பான். அவள் நெஞ்சோடு பழைய நூல்சேலையால் இறுக்கிக் கட்டியபடி எட்டு மாதத்து ஜோவினா தொங்கிக்கொண்டிருப்பாள். படத்தைத் துடைக்கும்போதும் தொங்குவாள், சோறு தின்னும்போதும் தொங்குவாள், மைதானத்துக் குழாயடி வரிசையிலும் தொங்குவாள். பிள்ளைமேல் இப்படி உயிரை வைத்திருக்கிறாளே என்று பெண்கள் சொல்லச் சொல்ல அரசி முடிச்சை இன்னும் இறுக்கிக்கொள்வாள்.

ஏனென்றால், மூன்று மாதத்துக்கு முன்னால் முதல் ஆட்டம் வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் அடுக்களையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சட்டி சரிந்தது, சுவர் முனகியது, அடுத்து அவளுக்குத் தெரிந்தது தெருவின் வெயில்தான். கையில் பாதி நறுக்கிய வெண்டைக்காய் ஒன்றைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள். எங்கேயோ வேறு யாருடைய பிள்ளையோ அழுத சத்தம் கேட்ட பிறகுதான், உள்ளே உத்திரத்தில் கட்டிய தொட்டிலில் ஜோவி தூங்கிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்த் தூக்கினாள். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை, விழிக்கக்கூட இல்லை. பிறகொரு நாள் வாசலிலிருந்து, தெருவில் தான் நின்ற அந்த இடம்வரைக்கும் நடந்து பார்த்தாள். பன்னிரண்டு எட்டு. அதை அவள் மனுவேலிடம் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லவில்லை. சேலையை எடுத்துப் பிள்ளையை நெஞ்சோடு கட்டினாள், அவ்வளவுதான். இனிமேல் அவள் ஓடினால் பிள்ளையும் ஓடும். அதற்குப்பின் ஜோவியின் கால் தரையைத் தொடவில்லை. தவழ வேண்டிய பிள்ளை தவழவில்லை.

ஊருக்குள் என்ஜினீயர்கள் வந்து கட்டிடத்துக்குக் கட்டிடம் ஆகாததற்குச் சிவப்பு, பழுதுக்கு மஞ்சள், பத்திரத்துக்குப் பச்சை என்று பெயிண்டில் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பச்சைக்குறி கிடைத்தது இரண்டே இரண்டு இடத்துக்கு, சித்திரக்கூடத்துக்கும் மாட்டாஸ்பத்திரிக்கும். பச்சை போட்டு என்ன, கூரை என்றாலே குலை நடுங்கிய சனம் அந்தப் பக்கமே வரவில்லை. படத்து ஆட்கள் வயலுக்குப் போன செய்தி பரவியதும்தான் வந்தார்கள். முதல் நாள் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்தார்கள். இரண்டாம் நாள் வாசற்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார்கள். நாலாம் நாள் உள்ளே வந்து, கையில் டீ கிளாசோடு மொசைக் தரையில் சம்மணம் போட்டார்கள். கூரைக்குப் பயந்தவர்களைப் பார்ப்பதற்காகக் கூரைக்குப் பயந்தவர்கள் கூரைக்குள் வந்து உட்கார்ந்திருந்ததை ஒருவரும் யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போது படத்து ஆட்கள் அசையமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு காலையிலும் வேறு வேறு மாதிரி இருப்பார்கள். ஒரு காலையில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். இன்னொரு காலையில் நாட்டியக்காரியின் பட்டுச்சேலை பனைக்கும் பனைக்கும் நடுவே கொடியில் காய்ந்தது. ஜமீந்தாரம்மாளின் தலையை மடியில் சாய்த்து மீன்காரி பேன் பார்த்தாள். வெள்ளைக்காரக் கலெக்டருக்கு எட்டாம் நாள் தாடி தெரிந்தது, அதைப் பார்த்த முடிதிருத்துகிற ஞானமுத்து, "நம்மூர்ல கூட்டம்னு வந்துட்டா எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான்" என்று சொல்லி அவ்வளவு பேரையும் சிரிக்க வைத்தார், ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த ஊர் ஒரு கூரைக்கு அடியில் சிரித்தது அன்றைக்குத்தான். பெண்கள் பிஸ்கட்டும் அவித்த கடலையும் கொண்டுவந்து படத்துக்குக் கீழே வைப்பார்கள். அதை மத்தியானம் அந்தோணிப்பிச்சை தின்பார்.

ஒருத்தி மட்டும் கூட்டத்தில் சேரவில்லை. வயலின் இடது ஓரத்தில், சட்டத்தில் பாதி உடம்பு மறைகிற அளவுக்கு ஒட்டி, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படத்துக்கு வெளியே எதையோ பார்த்தபடி நின்றாள். பச்சைச் சேலை, ஒல்லியான உருவம், முகம் சரியாகத் தெரியவில்லை. எந்தக் காலையில் வந்து பார்த்தாலும் அதே இடம்தான். "நம்ம அரசி மாதிரி, இவ மாப்பிள்ளையும் கப்பல்ல இருப்பான்போல" என்றார்கள் பெண்கள். அரசி வெயிலடங்கும் நேரத்தில் எல்லோரும் போன பிறகு அவளுக்கு எதிரே போய் நிற்பாள். பேசுகிறதுக்கு ஆள் இல்லாத இரண்டு பேர் நிற்பது மாதிரி நிற்பாள்.

அந்த வாரத்தில்தான் மனுவேலின் அக்கா செலின் மைனி போன் பண்ணினாள்.

"ஏட்டி அரசி, எங்க ஊரு பாறைமேல கிடக்கு. ஒரு டம்ளர் தண்ணியக்கூட ஆட்டாது. பிள்ளைய எங்கிட்ட விடு. ஊரு அடங்கட்டும், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, அப்புறம் கூட்டிட்டுப் போ. தம்பிட்டயும் சொல்லிட்டேன், சரின்னுட்டான்."

மைனிக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. நல்லவள். அரசிக்குப் பிரசவமானபோது நாற்பது நாள் கூட இருந்து மருந்து கிண்டிக் கொடுத்தவள். சனிக்கிழமை வருவாள், ஞாயிறு பத்து மணி பஸ்ஸில் பிள்ளையோடு திரும்புவாள். அரசி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வெண்டைக்காயைக் காப்பாற்றியவள் எந்த முகத்தோடு சொல்வாள்?

பதினெட்டாம் நாள், நிவாரண ஆபீஸிலிருந்து சின்னத்துரை என்ற கிளார்க், வீடிழந்தவர்கள் கணக்கெடுப்புக்காகக் கூடத்துக்கு வந்தார். காப்பாளர் ஹமீதா மேடம் நாற்காலி போட்டுக் கொடுத்தாள்.

"இவங்க சட்டம் ஏதும் உடைஞ்சுதா மேடம்?"

"இல்ல. நாலு கண்ணாடி விரிசல்."

"அப்ப பகுதி சேதம்னுகூட எழுத முடியாதே."

"பயம்னு ஒரு கட்டம் இல்லையா உங்க ஃபாரத்துல?"

"இருந்தா மொத ஆளா என் பேரையில்லா எழுதுவேன்" என்றார் சின்னத்துரை. ஆனாலும் வந்ததற்கு எண்ணிவிட்டுப் போவோம் என்று வயலின் முன்னால் நின்று பேனாமுனையால் எண்ணினார். அறுபத்திரண்டு. ஹமீதா மேடம் கூடத்துப் பதிவேட்டைப் புரட்டி, படம் படமாகக் கூட்டினாள். அறுபத்திமூன்று. மறுபடி எண்ணினார்கள். அந்தோணிப்பிச்சை தனியாக எண்ணினார். யாரோ ஒருவர் வயலுக்கு வந்து சேரவில்லை.

தான் எழுதிய பெயர்ச்சீட்டுகளை அரசி மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஜமீந்தாரும் மனைவியும். மீன்காரி. கலெக்டர். சதங்கை கட்டும் பெண். தாலாட்டு: தாயும் சேயும். அங்கே நின்றது அவள் நினைவு.

கூடத்தில் ஒரு விதி உண்டு. ஆட்டம் நின்றதும் ஆணி தளர்ந்த படங்களை இறக்கி, காரை உதிர்ந்து வண்ணத்தைச் சுரண்டாமல் இருக்க, முகத்தைச் சுவருக்குத் திருப்பி வைக்க வேண்டும். மூன்றாவது ஆட்டத்து மறுநாள், அந்தோணிப்பிச்சை வந்து வயலைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு மணி நேரம் முந்தியே, அரசி அந்த விதிப்படி பன்னிரண்டு சின்னப் படங்களைப் பின்கட்டு அறைக்குச் சுமந்து, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். கண்ணாடியில் அப்பியிருந்த தூசியில் உள்ளே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அவள் பார்க்கவில்லை.

பின்கட்டுக்குப் போய் ஏழாவது படத்தைத் திருப்பினாள். உத்திரத்திலிருந்து வெள்ளைச் சேலைத் தொட்டில் தொங்கியது. அதை ஆட்டிக்கொண்டிருந்த பச்சைச் சேலைக்காரி இருந்த இடத்தில் வெறும் சுவர். தொட்டிலின் விளிம்புக்கு மேலே இரண்டு குட்டிக் கைகள், அகலத் திறந்த வாய். கன்னத்தில் வண்ணம் இரண்டு கோடாகக் கரைந்து இறங்கியிருந்தது. பதினெட்டு நாள். படத்துக்குச் சத்தம் கிடையாது, அதுதான் அரசியால் தாங்கமுடியவில்லை. பச்சைச் சேலைக்காரி இந்தப் பின்கட்டுப் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. ஓடிவிட்டாள். கொஞ்ச தூரம் போய் ஞாபகம் வந்து திரும்பியிருக்கிறாள். திரும்பி வந்தபோது வழி சுவராகியிருந்தது. அந்தச் சுவரை வைத்தது அரசி.

"விதிப்படிதான செஞ்சே" என்றாள் ஹமீதா மேடம், அவள் தோளைத் தொட்டு.

தொட்டில் படத்தை ஹாலுக்குக் கொண்டுவந்தபோது டீ கிளாசோடு உட்கார்ந்திருந்த ஊர் எழுந்து நின்றது. பிறகு எல்லோரும் பேசினார்கள். இவளா தாய், பெத்த பிள்ளையை அந்தரத்தில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாளே, நாய்கூட குட்டியைக் கவ்விக்கொண்டுதானே ஓடும், பிள்ளையைத் தூக்கி ஜமீந்தாரம்மாள் கையில் கொடுங்கள், பாவம் அவளுக்கும் இல்லை, என்று பேசினார்கள். நேற்றுவரைக்கும் அவளுக்குப் பிச்சிப்பூ கொண்டுவந்து வைத்தவள் பூவைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பேசியவர்களில் பாதிப்பேர் கண்ணில் அரசி எதையோ பார்த்தாள். அது கோபம்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஏணியைப் போட்டு ஏறினாள், நெஞ்சில் ஜோவி தொங்க, தொட்டில் படத்தை வயல் படத்தின் இடது பக்கம், சட்டமும் சட்டமும் இடிக்கிற மாதிரி, ஒரு தாள்கூட நுழைய இடமில்லாமல் மாட்டினாள். அதற்குப்பின் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள், சனிக்கிழமை காலையில் தொட்டில் காலியாக இருந்தது. வயலில் பச்சைச் சேலைக்காரி முதல்தடவையாக உட்கார்ந்திருந்தாள், ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முழங்கைக்கு மேலே ஒரு சின்னத் தலை தெரிந்தது.

அன்று மத்தியானம் வந்து இறங்கிய செலின் மைனி மைதானத்துக்குப் போகும் முன்னால் அந்தப் படத்தைத்தான் பார்க்கவேண்டும் என்றாள், அதற்குள் பஸ்ஸிலேயே கதை முழுவதும் கேட்டாகிவிட்டது.

"எனக்கு மட்டும் ஒண்ணு இருந்திருந்தா" என்றாள் மைனி, படத்தைப் பார்த்தபடி, "உத்திரமே தலையில விழுந்தாலும் விட்டுட்டு ஓடியிருக்க மாட்டேன். எப்படிட்டி மனசு வரும்?"

"தெரியல மைனி."

"பிள்ளைய ஏன் இப்படி வரிஞ்சு கட்டி வெச்சிருக்க? காலு சூம்பிப் போகும். எட்டு மாசத்துப் பிள்ளை தவழ வேண்டாமா? எங்க வீட்டுல பாரு, ஒரு வாரத்துல ஓடும்."

மைனி சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஜோவியின் சட்டைகளையும் பால்பாட்டிலையும் கிலுகிலுப்பையையும் அரசியே மடித்து ஒரு நீலப் பையில் வைத்தாள்.

ஞாயிறு முதல் பூசை முடிந்து, பையோடு மைனி கூடத்துக்கு வந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. ஹாலில் வேறு ஆள் இல்லை. அரசி வயலுக்கு எதிரே நின்றிருந்தாள். அன்றைக்குக் காலையில் வயலில் ஒரு மாற்றம் இருந்தது. பிள்ளை அம்மாவின் மடியில் இல்லை. அறுத்த நெல்தாள்களுக்கு நடுவே, ஒரு கையை முன்னால் ஊன்றி, மீன்காரியின் கூடையை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தது. தாய் ஐந்தாறு முழம் பின்னால் இருந்தாள். பதறி எழவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன, பதினெட்டு நாள் வெளியே பார்த்துக்கொண்டிருந்த முகம் பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"குடு, நேரமாச்சு" என்றாள் மைனி.

அரசி முடிச்சை அவிழ்த்தாள். மூன்று மாதத்து முடிச்சு, இறுகிப்போயிருந்தது. பிள்ளை விலகியதும் நெஞ்சில் குளிர்ந்தது. மைனி கை நீட்டினாள். அரசி அவள் கையில் கொடுக்காமல், ஏன் என்று தனக்கே தெரியாமல், குனிந்து ஜோவியை மொசைக் தரையில் விட்டாள்.

ஜோவி தரையைத் தட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை தட்டினாள். முழங்காலை இழுத்தாள், சறுக்கினாள், மறுபடி இழுத்தாள். பிறகு வயல் இருந்த திசையில் புறப்பட்டாள், பின்னால் அம்மா என்று ஒருத்தி இருப்பதையே மறந்தவளாக. அரசி கதவோரத்துப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைனி சிரித்துக்கொண்டே பிள்ளையின் பின்னால் நாலு எட்டு போனாள்.

அப்போது பூமி ஆடியது.

பெரிய ஆட்டம் இல்லை. விளக்குகள் ஊசலாடின, நாற்பத்தோரு சட்டங்களும் சுவரில் தடதடவென்று பேசின, ஏணி விழுந்தது. எண்ணினால் பத்துக்குள் நின்றுவிட்டது. நின்றபோது அரசி ஹாலின் நடுவில் முழங்காலிலும் கையிலும் நின்றாள். அவளுக்கு அடியில் ஜோவி மல்லாந்து படுத்து, அம்மா கழுத்திலிருந்து முகத்துக்கு மேலே தொங்கிய ஜெபமாலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் தொடங்கியபோது வெளிக்கதவு அவளுக்கு இரண்டே எட்டில் இருந்தது. அதை விட்டுவிட்டு உள்பக்கமாக எப்படி வந்தோம் என்று அரசிக்கு நினைவில்லை. அன்றைக்கு ஓடியபோதும் நினைவில்லை, இன்றைக்கு வந்தபோதும் நினைவில்லை. கால்கள் அவளிடம் கேட்கவில்லை.

மைனி ஹாலில் இல்லை.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முற்றத்துக் கொடிக்கம்பத்தை ஒரு கையால் கட்டிப்பிடித்துக்கொண்டு மைனி நின்றாள். மறு கையில், நெஞ்சோடு சேர்த்து, யாரும் பிடுங்கிவிடாத மாதிரி, நீலப் பை. உள்ளே கிலுகிலுப்பை இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"பிள்ளை எங்கிட்டதான்..." என்ற மைனி, குனிந்து பார்த்தாள். பையைப் பார்த்தாள். அரசியின் இடுப்பைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை அரசியால் பார்க்க முடியவில்லை.

"பக்கத்துலதான நின்னேன். கைக்கெட்டுற தூரம் அரசி. நான் எப்படி..."

"அது அப்படித்தான் மைனி."

"பைய எடுத்துட்டு வந்திருக்கேன் பாரு."

"நான் வெண்டைக்காய எடுத்துட்டு ஓடினேன்."

மைனிக்குப் புரியவில்லை. அரசி கொடிக்கம்பத்து மேடையில் அவளை உட்காரவைத்து, செவ்வாய்க்கிழமை மத்தியானத்தையும் பன்னிரண்டு எட்டையும் சொன்னாள். யாருக்கும் சொல்லாததை, பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவளிடம் சொன்னாள். மைனி கேட்டுக்கொண்டே இருந்தாள். வெண்டைக்காய் வந்த இடத்தில் சிரிப்பு வந்தது, சிரித்தபடியே அழுதாள், முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

"பன்னெண்டா? நான் எண்ணவே இல்லையேட்டி."

"எண்ணாதீங்க மைனி."

பத்து மணி பஸ்ஸில் செலின் மைனி ஏறினாள், பை இல்லாமல். ஏறுவதற்கு முன்னால் ஹாலுக்குள் போய், பச்சைச் சேலைக்காரிக்குக் கீழே, தன் கொண்டையிலிருந்து பூவை எடுத்து வைத்துவிட்டுப் போனாள். அதை அந்தோணிப்பிச்சை பார்த்திருக்கிறார். அடுத்தடுத்த நாட்களில் வேறு சிலரும் யாருக்கும் தெரியாமல் வந்து அவள் முன்னால் நின்றுவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறார். ஒருவர் தன் கிழட்டுத் தகப்பனை விட்டுவிட்டு ஓடியவர், ஒருத்தி மாமியாரை. பெயர் சொல்லமாட்டேன் என்பார்.

மழைக்காலம் வந்தது. மைதானத்தில் தார்ப்பாய்கள் குறைந்தன, பள்ளிக்கூட மணி மறுபடி அடித்தது, படத்து ஆட்களும் ஒவ்வொருவராகச் சட்டத்துக்குத் திரும்பினார்கள். கலெக்டர் தாடியோடு திரும்பினார். மீன்காரி ஜமீந்தாரம்மாளோடு போய் அவள் பக்கத்தில் இருந்துகொண்டாள், அரசி பெயர்ச்சீட்டுகளை மாற்றி எழுதினாள். பச்சைச் சேலைக்காரியும் பிள்ளையும் மட்டும் தொட்டிலுக்குத் திரும்பவில்லை. அவ்வளவு பெரிய வயலில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். கான்வென்ட் மைதானத்திலும் கடைசியாக ஒரே ஒரு தார்ப்பாய் மிஞ்சி, ஒரு நாள் அதையும் மடித்துக்கொண்டு அரசி மஞ்சள்குறி போட்ட தன் வீட்டுக்குப் போனாள். உத்திரத்தில் தொட்டில் கட்டவில்லை, தரையில் பாய் போட்டாள்.

இப்போதும் வெயிலடங்கும் நேரத்தில், எல்லோரும் போன பிறகு, அரசி அந்தப் படத்தின் முன்னால் போய் நிற்கிறாள். ஒரு தடவையாவது பச்சைச் சேலைக்காரி இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருக்கிறாள். அவள் திரும்புவதே இல்லை. அவளுக்கு வேலை இருக்கிறது, பிள்ளை பனைவரைக்கும் போய்விட்டது. அரசியும் அதிக நேரம் நிற்க முடிவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டபடி திரும்புவதற்குள், ஜோவி வாசற்படியைத் தாண்டியிருப்பாள்.